கண்களில் மனத்தைப் படிக்கும் ஆராய்ச்சி
கேம்பிரிட்ஜ் ஆட்டிசம் ஆய்வு மையத்தின் பணி: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து ஒரு மதிப்பீடு

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உடையவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் வழங்குகிறது: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. 'மதி இறுக்கம்' என்று எழுதுவோரும் உளர். முதலில் சொன்ன பெயரைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். காய்ச்சல், காமாலை என்பன போன்ற பெயர் அன்று அது, ஒரு தீர்ப்பு. இந்தக் குழந்தைக்குத் தன்னைச் சுற்றியுள்ள உலகத்தைப் பற்றிய எண்ணமே கிடையாது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இது மெய்தானா? மெய் என்றால் அதை யார், எப்படிக் கண்டறிந்தார்கள்?

விடை தேடிப் புகுந்தால் வழி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்கிறது. அங்கே 1997ஆம் ஆண்டு ஆட்டிசம் ஆய்வு மையம் தோன்றியது. அதை முன்னின்று நடத்தி வருபவர் உளவியல் பேராசிரியர் சைமன் பாரன்-கோஹன். ஆட்டிசம் பற்றிய பாடநூல் எதைப் புரட்டினாலும் அவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய சோதனை ஒன்றேனும் கண்ணில் படும். அந்தச் சோதனைகளில் சில இந்தி, வங்காளம் முதலிய நம் நாட்டு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. ஆகவே அந்த மையத்தின் பணியை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு.

எடைபோடுவதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இவ்விரு மாவட்டங்களிலும் சேர்ந்து 13 லட்சத்து 20 ஆயிரம் பேர். ஒன்றில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும். மற்றொன்றில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும். பெரம்பலூர் நகருக்கு இன்றும் ரயில் கிடையாது. பெருநகரத்து மனநல நிபுணரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் நாடுவதென்றால் ஒரு நாள் கூலி போகும். எந்த ஆராய்ச்சியும் தன் சோதனைக் கூடத்துக்கு அருகில் நன்றாகத்தான் விளங்கும். இத்தகைய இடத்துக்கு வந்து நின்றும் விளங்குகிறதா என்பதே உரைகல்.

ஒரு கோலிக்குண்டும் இரண்டு பொம்மைகளும்

மையம் அமைவதற்கு 12 ஆண்டுகள் முன்னரே, 1985இல், பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் ஆகிய மூவரும் லண்டனில் ஒரு பரிசோதனை செய்தனர். அதன் பிறகு நடந்தவை எல்லாவற்றுக்கும் அதுவே விதை.

இரண்டு பொம்மைகள்: சாலி, ஆன். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்து வைக்கிறாள். சாலி திரும்பி வருகிறாள். இப்போது குழந்தையிடம் கேட்கிறார்கள்: "சாலி கோலியை எங்கே தேடுவாள்?" கோலி உண்மையில் இருப்பது பெட்டியில். ஆனால் சாலிக்கு அது தெரியாது. அவள் கூடையில்தான் தேடுவாள். தனக்குத் தெரிந்தது வேறு, சாலிக்குத் தெரிந்தது வேறு என்று பிரித்தறியும் குழந்தையே 'கூடை' என்று சொல்லும்.

சாதாரணக் குழந்தைகள் 27 பேரில் 23 பேர் சரியாகச் சொன்னார்கள். டவுன் கூட்டறிகுறி உடைய 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உடைய 20 பேரில் 16 பேர் 'பெட்டி' என்று காட்டினார்கள். இந்தப் பரிசோதனையின் அழகு, டவுன் கூட்டறிகுறிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டதில் இருக்கிறது. அவர்கள் மொழியிலும் பொது அறிவுத்திறனிலும் ஆட்டிசம் உடைய குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தும் தேறினார்கள். ஆகவே இது பொதுவான அறிவுக் குறைவால் நேர்ந்த தவறன்று. பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் தனித்திறன் ஒன்று உண்டு, அதுவே இங்கு தடைப்படுகிறது என்று வாதிட முடிந்தது. மாணவர்கள் ஒரு பரிசோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்று கற்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

ஆனால் 20 பேரில் 4 பேர் தேறினார்கள் அல்லவா? ஆய்வுக் கட்டுரையில் அந்த நால்வரைப் பற்றிய எச்சரிக்கை இருந்தது. பின்னர் வந்த பேச்சுகளில் அது மெல்ல மறைந்தது. 1995இல் பாரன்-கோஹன் எழுதிய நூலின் தலைப்பே 'மனக்குருடு' என்று பொருள்படும். 'பெரும்பாலோர் இந்தச் சோதனையில் தவறினர்' என்பது 'இவர்களுக்கு அந்தத் திறன் இல்லை' என்று ஆயிற்று. நம் 'சிந்தனையற்றோர்' என்ற சொல்லும் இதே தாவலைத்தான் செய்கிறது. விஞ்ஞானத்தில் இது சிறிய பிழை அன்று. 'சில நிலைமைகளில் குறைவாகக் காணப்பட்டது' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்வே அடங்கிக் கிடக்கிறது.

2019இல் மார்டன் ஆன் கெர்ன்ஸ்பாக்கர், மெலனி யெர்கோ ஆகிய இருவரும் இத்துறையின் ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். பல ஆய்வுகள் மீண்டும் செய்தபோது முதல் முடிவைத் தரவில்லை என்றும், இத்தகைய சோதனைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்றும், பேச்சுத்திறனே பல முடிவுகளை நிர்ணயிக்கிறது என்றும் அவர்கள் காட்டினர். அதற்கு முன்பே, 2012இல், தாமே ஆட்டிசம் உடையவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் வேறொரு கேள்வி எழுப்பியிருந்தார். ஆட்டிசம் உடையவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு அவர் மனம் புரிகிறதா? புரியாமை இருபுறமும் இருக்கும்போது ஒருபுறத்தாரை மட்டும் குருடர் என்பது எந்த நியாயம்?

இதையும் பரிசோதித்துப் பார்த்தார்கள். 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 72 பேரை எட்டெட்டுப் பேராக வரிசையில் அமர்த்தி, ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உடையவர் மட்டுமே இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர் வரிசையில் போலவே கதை நன்றாகக் கடந்து சென்றது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. இதைக் கேட்டதும் மில்டன் பக்கத்தார் மகிழ்ந்தனர். ஆனால் 2025இல் 311 பேருடன் பெரிய அளவில் மீண்டும் செய்தபோது கலப்பு வரிசையிலும் அந்தச் சிதைவு காணப்படவில்லை. மூன்று வகை வரிசைகளும் ஒன்றாகவே இருந்தன. எதிர்த்தரப்பின் கொள்கைக்கும் அடி விழுந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு முறையும் மாறாமல் நின்றது ஒன்று உண்டு: ஆட்டிசம் உடையவர்கள் தமக்குள் பேசும்போது மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை.

இங்கே மையத்தின் பக்கம் ஒரு நன்றியையும் பதிவு செய்ய வேண்டும். 1960களில் ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் பரப்பினர். 1977இல் மைக்கேல் ரட்டரும் சூசன் ஃபோல்ஸ்டைனும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்து பரம்பரைக் காரணத்தைச் சுட்டினர். பிறகு லண்டன், கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஆட்டிசத்தை மூளையும் அறிவும் இயங்கும் முறையின் வேறுபாடாக நிறுவினார்கள். அதனால் தாயின் மேல் விழுந்த பழி விஞ்ஞான உலகில் நீங்கிற்று. நம் கிராமங்களில் அது இன்னும் முழுதாக நீங்கவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், செல்போனைக் கையில் கொடுத்தாள் என்று இன்றும் அவள் தலையில்தான் கட்டுகிறோம்.

படத்தில் உள்ளவரிடம் யாராவது கேட்டார்களா?

மையத்தின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் மற்றொரு சோதனை 'கண்களில் மனத்தைப் படித்தல்'. 1997இல் தோன்றி 2001இல் திருத்தப்பட்டது. 36 புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் கண்பகுதி மட்டும் தெரியும். சுற்றிலும் நான்கு சொற்கள். அவற்றுள் அந்தக் கண்ணுக்குரியவரின் மனநிலையைச் சரியாகச் சொல்லும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரியான விடை எது என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? படங்கள் பத்திரிகைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் உள்ளவர்களிடம் 'அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?' என்று எவரும் கேட்கவில்லை. ஆய்வாளர்கள் ஒரு சொல்லைத் தேர்ந்தனர். நடுவர் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அதை ஒப்புக்கொண்டால் அது சரியான விடை. ஆக, இந்தச் சோதனை அளப்பது கண்ணின் உள்ளே இருந்த மனத்தை அன்று. கண்ணைப் பார்த்துப் பெரும்பான்மையோர் சொல்வதை நாமும் சொல்கிறோமா என்பதைத்தான். இது பயனற்ற அளவை என்று நான் சொல்லவில்லை. ஊரோடு ஒத்துப்போவதும் ஒரு திறமைதான். ஆனால் அதன் பெயர் வேறு.

படங்களில் உள்ளவர்கள் வெள்ளையர். 2010இல் ரெஜினால்ட் ஆடம்ஸ் குழுவினர் ஆசிய முகங்களைக் கொண்டு இதே சோதனையைச் செய்தபோது, ஜப்பானியர் ஜப்பானியக் கண்களையும் அமெரிக்கர் அமெரிக்கக் கண்களையும் கூடுதலாகச் சரியாகப் படித்தனர். செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்பில் வேலை செய்யும் ஒருவரிடம் இலண்டன் பத்திரிகைக் கண்ணைக் காட்டி, குறைந்த மதிப்பெண் வந்தால் எதன் மீது குற்றம் சொல்வது?

சொற்களும் ஒரு தடை. ஆங்கிலச் சோதனையில் அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் பல. தமிழில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். நாம் பேசுவது ஒரு தமிழ், படிப்பது ஒரு தமிழ். 'மனம் தளர்ந்த', 'ஆழ்ந்த சிந்தனையில் உள்ள', 'திகைப்புற்ற' என்று நான்கு சொல்லை அச்சிட்டு வைத்தால், பத்தாவதுவரை படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு மனத்தைப் படிக்கும் திறனின் வேறுபாடாகத் தோற்றமளிக்கும்.

லாரி எண்ணும் புள்ளிக் கோலமும்

2001இல் வெளியான 'ஆட்டிசக் கூற்றளவு' என்னும் வினாப்பட்டியலில் 50 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஆட்டிசம் உடைய பெரியவர்கள் 58 பேர் சராசரியாக 35.8 பெற்றனர், பொதுமக்களிலிருந்து எடுத்த 174 பேரின் சராசரி 16.4. முப்பத்திரண்டும் அதற்கு மேலும் பெற்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 80, இரண்டாவதில் நூற்றுக்கு 2. கேம்பிரிட்ஜ் மாணவர் 840 பேரிடமும் கேட்டார்கள். விஞ்ஞான மாணவர்கள், அவர்களிலும் கணித மாணவர்கள், கூடுதலாகப் பெற்றனர்.

இதன் சிறந்த பங்களிப்பு, ஆட்டிசம் என்பது உண்டு-இல்லை என்று வேலி கட்டிய பொருள் அன்று, நம் எல்லோரிடமும் கூடியும் குறைந்தும் காணப்படும் கூறுகளின் ஒரு முனை என்ற கருத்தை எண்களால் காட்டியதே. லோர்னா விங் 1970களிலேயே இந்த வழியில் சிந்தித்தார். அதை அளந்து காட்டியது கேம்பிரிட்ஜ்.

ஆனால் வினாக்களைப் பாருங்கள். நாடக அரங்குக்குப் போவது பிடிக்குமா, அருங்காட்சியகத்துக்கா? விருந்துக் கூட்டமா, நூலகமா? வாகன எண் பலகைகள் கண்ணில் படுமா? ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி மாலைப் பொழுதைக் கழிக்கும் ஊரில் எழுந்த வினாக்கள் இவை. ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போவது விருப்பத்தைப் பொறுத்ததா? போகாவிட்டால் மொய் நோட்டு பேசும். வாகன எண்ணைப் பொறுத்தவரை, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூர்ச் சாலையில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பவர் டி.என். 61 எது, டி.என். 46 எது என்று பார்க்காமலா இருப்பார்? ஊர் வண்டியா வெளியூர் வண்டியா என்று அறிவது அங்கே பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

இது வெறும் கேலி அன்று என்பதற்குச் சான்று உண்டு. 2013இல் மேகன் ஃபிரீத் குழுவினர் இங்கிலாந்து, இந்தியா, மலேசியா மாணவர்களிடம் இதே வினாப்பட்டியலைக் கொடுத்தனர். இந்திய, மலேசிய மாணவர்களின் மதிப்பெண் இங்கிலாந்து மாணவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. அப்படியானால் நம் நாட்டில் ஆட்டிசம் கூடுதல் என்று பொருளா? அளவுகோல் வேறு மண்ணில் செய்யப்பட்டது என்பதே நேரான விளக்கம். மூன்று நாட்டிலும் ஆண்கள் பெண்களைவிடவும், விஞ்ஞான மாணவர் மற்றவரைவிடவும் கூடுதலாகப் பெற்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஆண்-பெண் வேறுபாட்டிலிருந்துதான் மையத்தின் மிகத் துணிச்சலான கொள்கை பிறந்தது. பெண்கள் சராசரியாகப் பிறர் உணர்வை அறிவதிலும், ஆண்கள் சராசரியாக விதிகளும் ஒழுங்குகளும் கொண்ட அமைப்புகளை ஆராய்வதிலும் முந்துகிறார்கள். ஆட்டிசம் என்பது இந்த ஆண் போக்கின் எல்லை என்று 2002இல் பாரன்-கோஹன் எழுதினார். 2018இல் பிரிட்டனில் ஆறு லட்சத்து எழுபதாயிரம் பேரிடம், அவர்களுள் ஆட்டிசம் உடைய 36,648 பேரிடம், திரட்டிய விடைகள் இக்கொள்கைக்கு இசைவாகவே இருந்தன. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. ஆயினும் அவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியையொட்டித் தாமாக முன்வந்து தம்மைப் பற்றித் தாமே விடை எழுதியவர்கள். 'நீ பிறர் உணர்வை அறிவாயா?' என்று கேட்டால், 'ஆம்' என்று சொல்லப் பெண்ணையும், 'எனக்கு அதெல்லாம் தெரியாது' என்று சொல்ல ஆணையும் சிறுவயது முதலே பழக்கியிருக்கிறோம். விடையில் இருப்பது மூளையா, பழக்கமா? எத்தனை லட்சம் பேரைக் கேட்டாலும் இந்தக் கேள்வி கரையாது.

கருவிலுள்ள டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் இதற்குக் காரணமாகலாம் என்று மையம் நெடுங்காலம் ஆராய்ந்து வருகிறது. 2015இல் டென்மார்க்கில் சேமித்து வைத்திருந்த பனிக்குட நீரில், பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட ஆண் குழந்தைகளுக்கு இவ்வகை இயக்குநீர்கள் சராசரியாகக் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். இது மதிக்கத்தக்க சான்று. மறுபுறம், 2011இல் 16 பெண்களுக்கு இந்த இயக்குநீரைக் கொடுத்தால் கண் சோதனை மதிப்பெண் குறைகிறது என்று வந்த முடிவு, 2019இல் வேறொரு குழு 643 ஆண்களிடம் சோதித்தபோது தென்படவில்லை. பனிக்குடத்தில் நடப்பது வேறு, வளர்ந்தவர் உடலில் நடப்பது வேறு என்று மையத்தார் சொல்லலாம். சொல்லவும் நியாயம் உண்டு. அதற்குள் 'ஆண் மூளை' என்ற தொடர் மட்டும் ஆய்வகத்தை விட்டு வெளியேறி ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது.

அமைப்புகளை ஆராயும் திறனை அளக்க 2003இல் அவர்கள் செய்த முதல் வினாப்பட்டியலில் கார், இயந்திரம் போன்ற ஆண்கள் புழங்கும் பொருள்களே மிகுந்திருந்தன. 2006இல் அதை அவர்களே உணர்ந்து 75 வினாக்களாகத் திருத்தினார்கள். திருத்திக்கொண்டதைப் பாராட்டுவோம். இருந்தும் நம் ஊருக்கு அந்தப் பட்டியலும் போதாது. மார்கழி விடியலில் இருபத்தொன்றுக்குப் பதினொன்று என்று ஊடு புள்ளி வைத்து, ஒரு கோடும் அறுபடாமல் சுற்றி முடிக்கும் பெண்ணிடம் இருப்பது ஒழுங்கை ஆராயும் திறன் இல்லையா? அந்தத் திறனைக் கேட்கும் வினா கேம்பிரிட்ஜில் எழுத வராது. அது அவர்கள் குற்றமும் அன்று. நாம்தான் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் பெண் குழந்தைகளின் நிலை கவலை தருகிறது. ஆட்டிசம் 'ஆண் போக்கு' என்று மருத்துவர் மனத்தில் பதிந்துவிட்டால், அமைதியாக ஒரு மூலையில் உட்கார்ந்து பாசியைக் கோத்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தையை யார் சந்தேகிப்பார்கள்? 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டி அனுப்பிவிடுவோம்.

சுட்டுவிரல்

மையத்தாரின் பணிகளில் பெரம்பலூருக்கு மிகவும் பயன்படக்கூடியது எது என்று என்னைக் கேட்டால், இதுவரை சொன்ன எதையும் சொல்லமாட்டேன். 1992இல் பாரன்-கோஹன், ஜேன் ஆலன், கிறிஸ்டோபர் கில்பர்க் மூவரும் வெளியிட்ட, பதினெட்டு மாதக் குழந்தைகளுக்கான சிறிய சரிபார்ப்புப் பட்டியலைச் சொல்வேன்.

அது பார்க்கச் சொல்வது முக்கியமாக மூன்று செயல்களை. ஒன்று, குழந்தை தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டி மற்றவருக்குக் காட்டுகிறதா? 'வேண்டும்' என்று கேட்பதற்காக அன்று. 'அதோ பார்' என்று பகிர்ந்துகொள்வதற்காக. இரண்டு, நாம் ஒரு திசையில் பார்த்தால் குழந்தையும் அத்திசையில் பார்க்கிறதா? மூன்று, பாவனை விளையாட்டு உண்டா? கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், படிப்பும் அதிகம் வேண்டாம். இங்கிலாந்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரே இதைச் செய்தார்கள். நம் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் செய்ய முடியாதது இதில் எதுவும் இல்லை.

மொழிபெயர்க்க வேண்டியதும் கொஞ்சமே. அங்கே பாவனை விளையாட்டுக்குப் பொம்மைக் கோப்பையில் தேநீர் ஊற்றச் சொல்கிறார்கள். இங்கே செப்புச் சாமானில் சோறு பொங்கச் சொல்லலாம், கொட்டாங்கச்சியில் மண்ணை வைத்து இட்லி சுடச் சொல்லலாம். அங்கே அறையின் மூலையிலுள்ள பொம்மையைக் காட்டுகிறார்கள். இங்கே இடுப்பில் பிள்ளையை வைத்து நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டாத தாய் யார்? அவள் விரல் போகும் திசையில் பிள்ளையின் கண் போகிறதா என்பதை நாள்தோறும் அவள் பார்க்கிறாள். பார்த்ததற்கு ஒரு பொருள் உண்டு என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை, அவ்வளவே. மாறாக, 'ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்' என்று சொல்லித்தான் வைத்திருக்கிறோம்.

ஆயினும் இந்தப் பட்டியலின் குறையையும் எண்ணால் அறிய வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் 16,235 குழந்தைகளிடம் இதைச் செய்து, ஏழு வயதுவரை தொடர்ந்து பார்த்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டிசம் என்று பின்னர் உறுதிப்பட்ட குழந்தைகள் 50 பேர். பதினெட்டு மாதத்தில் பட்டியல் பிடித்தது அவர்களில் 19 பேரை மட்டுமே. அதாவது நூற்றுக்கு 38. மீதி 31 பேரும் தேறிவிட்டார்கள். ஆட்டிசம் இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாகவே விட்டுவிட்டது. தொண்ணூற்றெட்டு என்பது உயர்ந்த மதிப்பெண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினாறாயிரத்தில் நூற்றுக்கு இரண்டு என்றால் முந்நூற்றுக்கு மேல். பத்தொன்பது குழந்தைகளைப் பிடிக்க முந்நூறு குடும்பங்களைக் கலங்க வைக்க வேண்டியிருக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தால் வீண் அச்சம் பெரிதும் குறைந்தது. ஆனால் பிடிபடுவோரும் ஐந்தில் ஒருவராகக் குறைந்தனர். அரிதாகக் காணப்படும் எந்த நிலையைச் சலித்தெடுக்க முயன்றாலும் இந்த இருதலைச் சிக்கல் வரும். காசநோய்க்கும் வரும், புற்றுநோய்க்கும் வரும்.

ஆகவே பட்டியலில் தேறிய பிள்ளையின் தாய் பிறகும் கவலையோடு வந்தால் 'அதுதான் பாஸ் ஆகிவிட்டதே' என்று திருப்பி அனுப்பக் கூடாது. தேறாத பிள்ளையின் தாயிடம் 'ஆட்டிசம்' என்ற சொல்லை அன்றைக்கே உதிர்க்கவும் கூடாது. இந்த இரண்டு விதிகளும் பட்டியலில் அச்சிடப்படாத பகுதி. பயிற்சி என்பது இதற்குத்தான் தேவை.

எண்ணினால்தான் தெரியும்

கேம்பிரிட்ஜ்ஷயர் பள்ளிகளில் மையம் செய்த கணக்கெடுப்பு 2009இல் வந்தது. ஏற்கெனவே கண்டறியப்பட்டவர் பத்தாயிரத்துக்கு 94. தேடிப் பார்த்துக் கண்டறிந்தவரையும் சேர்த்தால் 157. மூவர் தெரிந்திருந்தால் தெரியாமல் இருவர். பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே இந்த நிலை! பின்னர் சீன ஆய்வாளருடன் சேர்ந்து ஜிலின் நகரில் சாதாரணப் பள்ளிகளுக்குள் சென்று தேடினார்கள். 2019இல் வெளியான முடிவு பத்தாயிரத்துக்கு 108. சீனாவில் ஆட்டிசம் மிக அரிது என்று அதுவரை எண்ணியிருந்ததற்குக் காரணம், சிறப்புப் பள்ளிகளில் மட்டுமே தேடியதுதான்.

இந்தியாவில் 2018இல் வெளியான இன்க்ளென் ஆய்வு பல்வல், காங்ரா, டென்கானல், வடக்கு கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைப் பார்த்தது. ஆட்டிசம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி இருந்தது. தமிழ்நாட்டு ஊர் எதுவும் அந்த ஐந்தில் இல்லை. அந்த விகிதத்தை அப்படியே கொண்டால், நூறு பிள்ளைகள் படிக்கும் வேப்பந்தட்டைப் பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன பெயர் வைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினம் அன்று: முரடு, மந்தம், அல்லது 'அவன் போக்கே தனி'.

கேம்பிரிட்ஜ் கேட்பது 'இது எத்தகைய மனம்?' என்ற கேள்வி. நம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வரிசையில் நிற்கும் பெற்றோர் எதிர்கொள்வது 'எத்தனை சதவீதம்?' என்ற கேள்வி. அதற்கு நம் நாட்டில் 2009இல் ஒரு கருவி செய்தோம். ஆறு பிரிவுகளில் 40 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். எழுபதுக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 2016 ஏப்ரலில் சான்றிதழுக்கு உரிய கருவியாக மத்திய அரசு இதை அறிவித்தது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை. ஆகவே எண்களின் மேல் நமக்குள்ள அக்கறை கேம்பிரிட்ஜ் அறிஞருடையதைவிட அவசரமானது. அங்கே தவறான எண் ஒரு கட்டுரையைக் கெடுக்கும். இங்கே ஒரு குடும்பத்தின் மாத வருவாயைக் கெடுக்கும்.

எச்சிலைக் கேட்டவர்கள்

2021 ஆகஸ்டில் மையம் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆட்டிசம் உடைய பத்தாயிரம் பேரிடமிருந்து எச்சில் மாதிரி பெற்று, டி.என்.ஏ.யையும் வாழ்க்கை விவரங்களையும் சேர்த்து ஆராய்வது நோக்கம். சில வாரங்களுக்குள் ஆட்டிசம் உடையவர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. எங்கள் மரபணு விவரம் யார் கைக்குப் போகும்? கருவிலேயே கண்டறிந்து எங்களைப் போன்றவர் பிறக்காமல் செய்ய நாளைக்கு இது பயன்படாது என்பதற்கு என்ன உறுதி? செப்டம்பர் 10ஆம் தேதி திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டிசத்தைத் தடுப்பதோ ஒழிப்பதோ தங்கள் நோக்கம் அன்று என்று மையத்தார் விளக்கினர். பாரன்-கோஹனின் எழுத்துகளை வைத்துப் பார்த்தால் அதை நம்பலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் நோக்கம் ஆராய்ச்சியாளருடையது; மாதிரி பின்னாளில் வருபவருடைய கைக்கும் போகும். எவரைப் பற்றி ஆராய்கிறோமோ அவரைக் கடைசியில் கேட்டது திட்டத்தின் கோளாறு. 'மனக்குருடு' என்று எழுதியவர்களுக்கு எதிரே இருப்பவர் என்ன நினைப்பார் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாமற் போனதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டாமல் இல்லை.

நம் பக்கம் இத்தகைய ஆய்வு வந்தால் ஒப்புதல் படிவம் எந்தத் தமிழில் இருக்கும்? 'ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னாங்க' என்று கைநாட்டு வைப்பதை ஒப்புதல் என்று கொள்ளலாமா? திருச்சியிலோ சென்னையிலோ உள்ள பல்கலைக்கழகங்கள் ஆட்டிசம் ஆய்வில் இறங்குமுன் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் செய்த 15 வினாக் கொண்ட ஆட்டிச மதிப்பீட்டு அளவை ஒன்றில் எல்லைக்கோடு 30. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதை நம் குழந்தைகளிடம் சோதித்தபோது 33 பொருத்தமான எல்லை என்று 2010இல் கண்டார்கள். மூன்று மதிப்பெண் வேறுபாடு. அதைக் கண்டுபிடிக்க ஒருவர் உட்கார்ந்து நம் குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு வீடியோவைக் காட்டி, பிள்ளையின் போக்கை அறிந்து பதில் கொடுக்கப் பழக்கினார்கள். பெற்றோரின் பதிலளிக்கும் முறை தெளிவாக மேம்பட்டது. குழந்தைகள் தாமாகத் தொடங்கும் தொடர்புகள் கூடின. ஆனால் இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைத்த நேரம் குறைந்தது. குறைந்ததையும் அப்படியே வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள் என்பது குன்னம், ஆலத்தூர் வட்டாரங்களில் ஓர் அங்கன்வாடிக்கு எட்டாத தொலைவு அன்று. அடுத்த கணக்கெடுப்பும் அடுத்த பயிற்சியும் அங்கே தொடங்க, பணியாளருக்குக் கூடுதல் நேரமும் அந்த நேரத்துக்கு ஊதியமும் ஒதுக்கப்பட வேண்டும்.